அச்சை மாற்றினால் போதுமா?

மாணவர்களே, விடுமுறை நாளில் உலு லங்காட் பக்கம் போனவர்கள் இந்த வாகனங்களைப் பார்த்திருப்பீர்கள். கதவு வரை செம்மண் சேறு. எஞ்சினுக்குக் காற்று கொடுக்கும் குழாய் கூரை உயரத்துக்கு நிற்கும். முன்புறம் இரும்புக் கயிறு சுற்றிய விஞ்ச். எல்லாவற்றையும்விட முதலில் கண்ணில் படுவது பெரிய பெரிய டயர்கள்.

பலர் முதலில் மாற்றுவதும் டயரைத்தான். டயர் பெரிதானால் வண்டி உயரும், கல்லும் வேரும் அடியில் தட்டாது, சேற்றில் பிடிப்பும் கூடும். ஆனால் சில மாதங்களில் காட்டுப் பாதையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எஞ்சின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. உள்ளே அச்சுத்தண்டு முறிந்திருக்கும்.

அதற்கு எல்லாரும் சொல்லும் தீர்வு ஒன்று உண்டு. "பெரிய வண்டியின் தடித்த அச்சைக் கழற்றி இதில் போட்டுவிடு!" அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்கிறார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இந்த ஆசை உள்ள அண்ணன்மார் குறைவில்லை. அச்சு ஏன் முறிகிறது, தடித்த அச்சு எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்யாது? உங்கள் பள்ளி அறிவியலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

வெறும் விளையாட்டா?

மழைக்காட்டில் வண்டி ஓட்டுவதில் நம் நாட்டுக்கு உலகப் பெயர் உண்டு. லூயிஸ் வீ தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டி 1997 முதல் இங்கே நடந்துவருகிறது. மழை ஓய்ந்த பிறகு அல்ல, வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலத்தில்தான் அதை வேண்டுமென்றே நடத்துகிறார்கள். ஆறு பெருகும், மண் சரியும், வண்டி உடையும். உடைந்ததைக் காட்டுக்குள்ளேயே பழுது பார்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

இது விளையாட்டோடு முடிவதில்லை. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்குப் படகுகள் தேவைப்பட்டன. சேறும் சரிந்த மண்ணும் மூடிய உலு லங்காட் சாலைகளுக்கோ நான்கு சக்கர இயக்க வாகனங்கள் தேவைப்பட்டன. உணவும் குடிநீரும் ஏற்றிப் போகும் வண்டி நடுவழியில் அச்சு முறிந்து நின்றால், பின்னால் வரும் வண்டிகளுக்கும் வழி அடைபட்டுவிடும்.

அச்சுக்குள் என்ன இருக்கிறது?

மாட்டுவண்டியில் அச்சு ஒரே ஒரு தண்டு. அது சுழலாமல் நிற்கும், சக்கரம் மட்டும் அதைச் சுற்றி ஓடும். வண்டியின் பாரத்தைத் தாங்குவதுதான் அதன் வேலை. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இந்த அச்சைத்தான்.

மோட்டார் வாகனத்தின் அச்சுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. பாரத்தைத் தாங்குவதோடு எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டும். வெளியே தெரியும் தடித்த இரும்புக் குழாய், அச்சின் கூடு. கூட்டின் நடுவில் உருண்டு புடைத்த பகுதிக்குள் 'கிரவுன்', 'பினியன்' என்ற இரண்டு பற்சக்கரங்கள் இருக்கும். எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியை அவை பக்கவாட்டில் திருப்புகின்றன. அங்கே உள்ள 'டிஃபரன்ஷியல்', வண்டி வளைவில் திரும்பும்போது இடது சக்கரமும் வலது சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு தண்டு சக்கரத்துக்குப் போகிறது. முறிவது பெரும்பாலும் இந்தத் தண்டுதான்.

பெரிய டயர் செய்யும் வேலை

படிவம் 2 அறிவியலில் 'மோமென் டாயா' என்று மலாயில் படித்தீர்களே, தமிழில் அது திருப்புத்திறன். விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். கதவைப் பிடியருகில் தள்ளினால் எளிதாகத் திறக்கும், கீலருகில் தள்ளினால் திறக்காது. டயரும் அப்படி ஒரு நெம்புகோல்தான். அதன் ஆரம்தான் நெம்புகோலின் நீளம்.

கணக்குப் போடுவோம். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம் இருக்கிறது. காய்ந்த பாறையில் டயருக்கு நல்ல பிடிப்பு. உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். டயர் வழுக்காமல் தரையைத் தள்ளக்கூடிய அதிகபட்ச விசை 600 × 9.8 × 0.8, அதாவது ஏறத்தாழ 4,700 நியூட்டன்.

29 அங்குல டயரின் ஆரம் சுமார் 0.37 மீட்டர். அப்போது தண்டு தாங்க வேண்டிய முறுக்குவிசை ஏறத்தாழ 1,740 நியூட்டன் மீட்டர். 35 அங்குல டயர் போட்டால் ஆரம் சுமார் 0.445 மீட்டர். முறுக்குவிசை 2,090 ஆகிவிடும். எஞ்சினும் அதேதான், வண்டியும் அதேதான். டயரை மாற்றிய ஒரே காரணத்தால் தண்டின் மேல் விழும் சுமை 20 விழுக்காடு கூடிவிட்டது.

இனி எஞ்சின் பக்கத்திலிருந்து பாருங்கள். எஞ்சின் தரும் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். முதல் கியர் அதை 3.9 மடங்காக்குகிறது. மலையேறப் பயன்படும் 'லோ ரேஞ்ச்' கியர் இன்னும் 2.3 மடங்காக்குகிறது. அச்சில் உள்ள கிரவுனும் பினியனும் மேலும் 4.1 மடங்காக்குகின்றன. எல்லாவற்றையும் பெருக்கினால் 7,300-க்கும் மேல்! சக்கரத்தின் பிடிப்பு தாங்கக்கூடியதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம்.

அப்படியென்றால் தண்டு ஏன் ஒவ்வொரு நாளும் முறிவதில்லை? வழக்கமாக இந்தச் சக்தி பல சக்கரங்களுக்குப் பிரிந்து போகிறது. மிஞ்சினால் டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். வழுக்கும் சேறு, மின்சுற்றில் உள்ள ஃபியூஸ் போல அச்சைக் காப்பாற்றுகிறது. ஆபத்து எப்போது? இரண்டு வேர்களுக்கு நடுவே சக்கரம் சிக்கிக்கொண்டு வழுக்க முடியாமல் போகும்போது. அல்லது வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரென்று கல்லைப் பற்றும்போது. இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் 'லாக்கர்' பொருத்தியிருந்தால், பிடிப்புள்ள பக்கத்துத் தண்டு முழுச் சுமையையும் தனியாகத் தாங்க வேண்டிவரும். அனுபவமுள்ள ஓட்டுநர் சக்கரம் சிக்கியதும் எண்ணெயை மிதிக்காமல் காலை எடுப்பது இதனால்தான்.

6 மில்லிமீட்டரின் வலிமை

தடித்த தண்டு எவ்வளவு உதவும்? உருளைத் தண்டின் முறுக்கம் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. அதாவது விட்டத்தை மூன்று முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரே வகை எஃகில் 30 மில்லிமீட்டர் தண்டை எடுத்துவிட்டு 36 மில்லிமீட்டர் தண்டு போட்டால் விட்டம் 1.2 மடங்குதான் கூடுகிறது. வலிமையோ 1.2 × 1.2 × 1.2, அதாவது 1.73 மடங்கு. விட்டம் இரட்டிப்பானால் வலிமை எட்டு மடங்கு. பெரிய வண்டியின் அச்சைத் தேடி ஆர்வலர்கள் அலைவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பருமனைப் போலவே அமைப்பும் முக்கியம். பல சிறிய வாகனங்களின் பின் அச்சில், தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே வரலாம். லோரிகளில் அப்படி இல்லை. சக்கரத்தின் குடம் அச்சுக்கூட்டின் மேலேயே இரண்டு பேரிங்குகளில் அமர்ந்து பாரத்தைத் தாங்கும். தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். போர்ட் கிள்ளான் சாலையில் நிற்கும் லோரியின் பின் சக்கர நடுவைப் பாருங்கள். வட்டமாக போல்ட்டுகள் பூட்டிய தட்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அந்த போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் தரையில் நிற்கும்போதே தண்டை வெளியே உருவிவிடலாம்.

1948-இல் அறிமுகமான லேண்ட் ரோவரின் பழைய வகைகள் பலவற்றில் பின் அச்சும் இந்த வகைதான். அந்தப் பழைய வண்டிகளில் தண்டு அடிக்கடி முறியும். ஆனால் ஓட்டுநர் முறிந்த துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, முன் சக்கரங்களின் இழுவையிலேயே வீடு திரும்புவார். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் காணலாம்.

ஜெர்மனியின் யூனிமோக் லோரி வேறு வழியில் சிந்தித்தது. சக்கரத்தின் அருகிலேயே இன்னொரு ஜோடி பற்சக்கரங்களை வைத்தார்கள். முறுக்குவிசை கடைசி இடத்தில்தான் பெருகுகிறது. நடுவில் உள்ள தண்டின் சுமை குறைகிறது. அச்சும் சக்கரத்தின் மையத்தைவிட மேலே அமைவதால் அடியில் கல் தட்டுவதில்லை. தண்டைத் தடிக்க வைப்பது ஒரு வழி, தண்டுக்கு வேலையைக் குறைப்பது இன்னொரு வழி.

பலவீனம் இடம் மாறும்

தடித்த அச்சு பொருத்தியாயிற்று. இனி எதுவும் முறியாதா? சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் வலுப்படுத்தினால், அறுவது அடுத்த மெலிந்த கண்ணி. நேற்று தண்டு முறிந்தது. இன்று அதே சுமை பின்னால் போய் யூனிவர்சல் ஜாயின்ட்டை உடைக்கும், அதையும் மாற்றினால் கியர் பெட்டியை. தண்டின் விலையைவிடக் கியர் பெட்டியின் விலை பல மடங்கு.

அதனால் நல்ல பொறியாளர் "எதுவுமே உடையக்கூடாது" என்று திட்டமிடுவதில்லை. "உடைந்தால் எது உடைய வேண்டும்?" என்று கேட்கிறார். மலிவான, எளிதில் எட்டக்கூடிய, உயிருக்கு ஆபத்து இல்லாத உறுப்பாக அது இருக்க வேண்டும். பிரேக்காகவோ ஸ்டீயரிங்காகவோ ஒருபோதும் இருக்கக்கூடாது.

பிரேக்கை மறப்பவர்கள்தான் அதிகம். நெம்புகோல் கணக்கு அங்கேயும் உண்டு. பழைய பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு 29 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால், அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 17 விழுக்காடு குறைந்துவிடும். போதாததற்கு டயரும் அச்சும் முன்பைவிடக் கனம்.

திருவாரூர் ஆழித்தேர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களில் ஒன்றான அதன் எடை ஏறத்தாழ 300 டன் என்பார்கள். அதற்குத் திருச்சி பெல் தொழிற்சாலையினர் இரும்பு அச்சையும் இரும்புச் சக்கரங்களையும் அமைத்தார்கள். அதோடு நிற்காமல் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டு மட்டுமே நிறுத்திய தேருக்குப் புதிய அச்சோடு புதிய நிறுத்தமும் வந்தது.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். முள் 90 காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 109 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அச்சின் பல் விகிதத்தை 4.1-லிருந்து 4.9 அளவுக்கு மாற்றினால்தான் பழைய இழுவையும் சரியான வேகக் கணக்கும் திரும்பும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் நான்கு சக்கர இயக்கத்தில் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்துப் பற்சக்கரங்களைத் தின்றுவிடும்.

ஆற்றைக் கடக்கும்போது

ஓடி ஓடிச் சூடான அச்சுக்கூட்டுக்குள் எண்ணெயும் காற்றும் இருக்கின்றன. காற்றின் வெப்பம் 80 பாகை செல்சியஸ் என்று வைப்போம். வண்டி திடீரென்று 27 பாகை ஆற்று நீரில் இறங்குகிறது. படிவம் 4 இயற்பியலில் வரும் வாயு விதிப்படி, மூடிய கூட்டுக்குள் அழுத்தம் 353-க்கு 300 என்ற விகிதத்தில், அதாவது சுமார் 15 விழுக்காடு குறையும். வெளி அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. ரப்பர் சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பாலில் கலந்த தேநீர் நிறமாகிவிடும், பேரிங்குகள் அரிக்கும்.

இதைத் தடுக்க அச்சில் ஒரு சிறிய மூச்சுக்குழாய் உண்டு. நீளமான ரப்பர் குழாயை அதில் மாட்டி, எஞ்சின் அறையின் உச்சி வரை கொண்டுபோவார்கள். தண்ணீருக்குப் பதில் காற்று உள்ளே போகும். சில ரிங்கிட் குழாய் ஒன்று பல ஆயிரம் ரிங்கிட் அச்சைக் காப்பாற்றுகிறது!

பழைய இரும்புக்குள் மறைந்த விரிசல்

தடித்த அச்சுகளைப் புதிதாக வாங்குவோர் குறைவு. பெரும்பாலும் பழைய உதிரிபாகக் கடையில், 'ஹாஃப் கட்' வண்டிகளிலிருந்து கழற்றியதுதான் கிடைக்கும். பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே?

இந்தக் கேள்விக்கு ஒரு சோக வரலாறு உண்டு. 1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் நகரிலிருந்து பாரீசுக்குப் போன ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது. தடம்புரண்ட பெட்டிகள் தீப்பற்றிப் பலர் இறந்தார்கள். நல்ல இரும்பு ஏன் திடீரென்று முறிய வேண்டும்? பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைப் பல ஆண்டுகள் சோதித்து விடை கண்டார். ஒரே முறை ஏற்றினால் எளிதாகத் தாங்கும் சுமையைக்கூட, லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப ஏற்றினால் உலோகம் தாங்காது. நுண்ணிய விரிசல் தோன்றி மெல்ல வளர்ந்து ஒரு நாள் முறித்துவிடும். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர்.

பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரல் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த தளம். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் வாழ்ந்த நம் தாத்தாக்கள் பலர் ரயில்வே தொழிலாளர்கள். உலோகக் களைப்பின் பாடம் பிறந்ததும் ரயில் சக்கரத்தின் அச்சில்தான்.

பழைய தண்டை வாங்குபவர் அதைத் துடைத்து, விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம் பூசிச் சோதிக்கலாம். சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளை மாவுப் பூச்சு அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசியும். சிவப்புக் கோடு தெரிந்த தண்டு எவ்வளவு தடித்திருந்தாலும் பயனில்லை.

வீட்டு முற்றத்தில் செய்யலாமா?

காகிதத்தில் எழுதினால் வேலை எளிது. வண்டியை உயர்த்து, பிரேக் குழாயையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் கழற்று, ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கும் 'யூ' வடிவ போல்ட்டுகளை எடு, பழைய அச்சை உருட்டி வெளியே கொண்டு வா, புதியதை வை. ஆபத்து ஒவ்வொரு அடியிலும் இருக்கிறது.

முதலாவது ஜாக்கி. அது பாஸ்கல் கோட்பாட்டில் இயங்குகிறது. சிறிய பிஸ்டனை அழுத்தினால் எண்ணெய் வழியாகப் பெரிய பிஸ்டன் உயர்கிறது. ஒரு டன் பாரம் முழுவதும் ஒரு சிறிய ரப்பர் சீலை நம்பி நிற்கிறது. சீல் கசிந்தால் வண்டி இறங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்புத் தாங்கிகள் வேண்டும், சமதளமான உறுதியான தரை வேண்டும், மற்ற சக்கரங்களுக்கு முட்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கடியில் தலையை நீட்டவே கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி.

இரண்டாவது பற்றவைப்பு. புதிய அச்சில் ஸ்பிரிங் அமரும் தட்டுகளைப் பற்றவைக்க வேண்டியிருக்கும். அதிக வெப்பத்தில் அச்சுக்கூட்டின் குழாய் வளையும். வளைந்த கூட்டுக்குள் சுழலும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து, வோலர் சொன்ன களைப்புக்கு ஆளாகும். மூன்றாவது தூசு. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அதை ஊதித் தள்ளுவது நுரையீரலுக்கு நஞ்சு.

சட்டமும் உண்டு. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், பொதுச் சாலையில் ஓடும் வாகனத்தின் அமைப்பை விருப்பம்போல மாற்ற முடியாது. ஜேபிஜேயின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவை. இவை இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். அச்சு மாற்றம் அனுபவமுள்ள போர்மனின் பட்டறையில், சரியான கருவிகளோடு செய்ய வேண்டிய வேலை. உங்கள் இடம் அவர் அருகில் நின்று அளப்பதும் குறிப்பெடுப்பதும் கேள்வி கேட்பதும்தான். ஆர்வம் தொடர்ந்தால் தொழிற்கல்லூரிகளிலும் போலிடெக்னிக்கிலும் இதையே படிப்பாக எடுக்கலாம்.

செய்து பாருங்கள்

1. ஒரு சுண்ணக்கட்டியின் இரண்டு முனைகளையும் பிடித்து, வளைக்காமல் எதிரெதிராகத் திருகுங்கள். அது நேராக முறியாது. மாடிப்படி போலச் சுருளாக முறியும். சுண்ணம் இழுவிசைக்கு மெலிந்தது. முறுக்கும்போது மிகுதியான இழுவிசை 45 பாகை சாய்வில் உண்டாகிறது. வளையும் தன்மையுள்ள எஃகோ அளவுக்கு மீறி முறுக்கினால் பெரும்பாலும் குறுக்கே வெட்டியது போல முறியும்.

2. ஒரு காகிதக் கவ்வியை நேராக்கி, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளையுங்கள். எத்தனையாவது முறை முறிகிறது என்று எண்ணுங்கள். இன்னொன்றைப் பாதி அளவு மட்டும் வளைத்து எண்ணுங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் வோலரின் பாடம் விளங்கும்.

3. பட்டறையில் முறிந்த தண்டு கிடைத்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வளைகோடுகள் இருந்தால், அது ஒரே நாளில் முறியவில்லை. விரிசல் நாளடைவில் வளர்ந்த தடம் அது.

அடுத்த முறை யாராவது "இதைவிடப் பெரியதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொன்னால், டயரானாலும் அச்சானாலும் எஞ்சினானாலும், ஒரு கேள்வி கேளுங்கள்: "சரி, அதற்கடுத்து எது முறியும்?" பதில் தெரியாதவர் கையில் ஸ்பேனர் இருந்தால், அந்த வண்டியில் ஏறுவதற்கு முன் யோசியுங்கள்.